பட்டியலில் இல்லாத உறவு

வரி ஆலோசகரின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டார்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறீங்க. என்னைப் பார்க்க வர்றப்ப மட்டும் படி ஏற வேண்டியிருக்கு" என்றார் ஆலோசகர். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டு, மெக்கானிக் கொண்டுவந்த வங்கித் தாள்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் புருவம் மேலே போனது.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்களும் உங்க தம்பி சம்சாரமும் இந்தக் காசை வெச்சு ஷட்டில் ஆடினீங்களா?"

மெக்கானிக்குக்குக் கூச்சமாகப் போயிற்று.

விஷயம் இதுதான். அவருடைய தாய்மாமன் வெளிநாட்டில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தன் அக்காவின் பிள்ளைகளான மெக்கானிக், அவருடைய தங்கை, கடைசித் தம்பி மூன்று பேருக்கும் சேமிப்பை எழுதி வைத்திருந்தார். ஆனால் அவருக்கு முன்பே தம்பி போய்விட்டான். அந்த நாட்டுச் சட்டப்படி இறந்தவனுடைய பங்கு உயிரோடிருக்கும் இரண்டு பேருக்கும் பிரிந்துவிட்டது. பணம் மொத்தமும் மூத்தவர் கணக்குக்கு வந்தது. தங்கை தன் பாதியைக் கேட்கவில்லை. "இருக்கட்டும் அண்ணே" என்றாள். ஆனால் மெக்கானிக்குக்குத் தம்பியின் பங்கைத் தொட மனம் வரவில்லை. தம்பி மனைவி தனியாக இருக்கிறாள். குழந்தை கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அவளுக்குத்தான் என்று அன்றைக்கே போனை எடுத்து அனுப்பிவிட்டார்.

"போன்ல எதுக்காக அனுப்பறீங்கன்னு கேட்டுச்சு மேடம். வாடகை, கடன், கட்டணம், அன்பளிப்புன்னு நாலு இருந்துச்சு. பங்குன்னு இல்ல. அன்பளிப்பை அமுக்கினேன்."

"மறுநாள் திரும்பி வந்திருக்கு."

"ஆமா. அவளும் அன்பளிப்புன்னுதான் போட்டிருந்தா. சரி, ஏதோ கை தவறி அமுக்கிட்டான்னு நினைச்சு நான் மறுபடி அனுப்பினேன்."

"அதுவும் திரும்பி வந்திருக்கு."

"வந்திருச்சு."

ஆலோசகர் தாள்களைக் கீழே வைத்தார். "பொறுமையா கேளுங்க. உங்க மாமா விட்டுட்டுப் போன காசுக்கு வரி கிடையாது. வெளிநாட்டுல இருந்து வாரிசா வந்திருக்குன்னு அரசாங்கத்துக்கு மாசக் கடைசிக்குள்ள சொல்லிட்டா போதும். சொல்லாம விட்டாத்தான் அபராதம். இது வரைக்கும் புரியுதா?"

"புரியுது."

"ஆனா உங்க கணக்குக்குள்ள வந்த பிறகு அது மாமா காசு இல்ல, உங்க காசு. நீங்க யாருக்குக் குடுத்தாலும் அது பரிசு. சொந்தக்காரங்களுக்குக் குடுத்தா வரி இல்ல. யாரு யாரு சொந்தம்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு."

"தங்கச்சி?"

"இருக்காங்க."

"தம்பி மனைவி?"

ஆலோசகர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தம்பி இருந்த வரைக்கும் இருந்தாங்க சார்."

"இப்ப?"

"இப்ப சட்டத்துக்கு அவங்க வெளியாள். வெளியாள்கிட்ட இருந்து பெரிய பரிசு வந்தா வாங்கினவங்க வரி கட்டணும். நீங்க அனுப்பினதுக்கு அவங்க கட்டணும். அவங்க திருப்பி அனுப்பினதுக்கு நீங்க கட்டணும். மறுபடி அவங்க, மறுபடி நீங்க."

"ஒரே காசுதானே மேடம்!"

"ஒரே காசுதான். நாலு பரிசு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்பவேயில்லை. மெக்கானிக் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் கிரீஸும் கம்பிக் கயிறுமாகக் கழிகிறது. இருக்கிற ஒரு அரைநாள் விடுமுறையும் இப்படித் தாள்களோடு போகிறது. நல்லது செய்யப் போனால் இத்தனை அலைச்சலா என்று அவருக்கு யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது.

"ஒரு வழி இருக்கு" என்றார் ஆலோசகர், சற்றே குரல் தணிந்து. "வாரிசுங்க எல்லாரும் சேர்ந்து, மாமாவோட காசு ஆரம்பத்துல இருந்தே மூணு பங்கு, அதுல ஒண்ணு தம்பி மனைவியோடது, அதை மூத்தவர் கையில வெச்சிருந்தார்னு ஒரு குடும்ப ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டா அது பரிசு ஆகாது. பங்கு. மாசக் கடைசிக்குள்ள அதையும் சேர்த்துக் குடுத்துடலாம். ஷட்டில் ஆட்டத்துக்கு அதிகாரி நாலு கேள்வி கேப்பாரு. சின்னதா அபராதம் வந்தாலும் வரும். பதில் எழுத நான் இருக்கேன்."

"யார் யார் கையெழுத்து?"

"நீங்க, தங்கச்சி, தம்பி மனைவி. மூணு பேரும் நேர்ல வரணும். ஒருத்தர் குறைஞ்சாலும் செல்லாது."

மெக்கானிக் எழுந்து நின்றார். தங்கையும் தம்பி மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது என்பதை அவர் ஆலோசகரிடம் சொல்லவில்லை.

தம்பி மனைவி வேலை பார்த்தது மருத்துவமனையின் அடித்தளத்தில். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கருவிகளைக் கழுவி, எண்ணி, பச்சைத் துணியில் சுற்றி, நீராவிப் பெட்டிக்குள் அடுக்கும் பிரிவு. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். உள்ளே சூடு சரியாக ஏறியிருந்தால் அதிலிருக்கும் கோடுகள் கறுப்பாகிவிடும். கோடு கறுக்காத பொட்டலத்தை மேலே அனுப்பக் கூடாது. அவள் அனுப்பியதும் இல்லை.

மெக்கானிக் போனபோது அவளுக்கு டீ நேரம். தலைத்தொப்பியைக் கழற்றிவிட்டு, ஈர விரல்களைத் துடைத்தபடி தாழ்வாரத்துக்கு வந்தாள். கணவன் கூப்பிட்டதைப் போலவே அவளும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"என்னண்ணா, காலு இன்னும் வீங்கியிருக்கே. டாக்டரைப் பார்த்தீங்களா?"

"என் காலை விடு. நீ எதுக்கும்மா காசைத் திருப்பி அனுப்பின? அதுவும் ரெண்டு தடவை?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கோவமா?" என்றார் அவர்.

"கோவம் இல்லண்ணா. டியூட்டில இருக்கறப்ப மெசேஜ் வந்துச்சு. உங்க பேரு, கீழ அன்பளிப்புன்னு. பார்த்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். அன்பளிப்பு வெளியாளுக்குத்தானே குடுப்பாங்க? வீட்டு ஆளுக்குப் பங்குதானே?"

மெக்கானிக்கின் வாய் வரை ஒரு சொல் வந்தது. ஆலோசகர் சொன்ன அதே சொல். அதை அவர் அப்படியே விழுங்கிவிட்டார். சொல்லியிருந்தால் உண்மையைச் சொன்னதாகத்தான் ஆகும். ஆனாலும் சில உண்மைகளைச் சொல்லாமல் விடுகிறவனிடம் கடவுள் கோபித்துக்கொள்வார் என்று தோன்றவில்லை.

"போன்ல பங்குன்னு ஒரு பட்டன் இல்லம்மா" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. "எனக்குக் காசு தேவைதான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவர் போனதுக்கப்புறம் எந்த நல்லது கெட்டதுக்கும் என்னை யாரும் எதுவும் கேக்கறதில்ல. போனா வாங்கம்மான்னு நாற்காலி போடறாங்க. விருந்தாளிக்குப் போடற மாதிரி. இப்ப பரிசும் வாங்கிட்டேன்னா அப்புறம் நான் விருந்தாளியேதான். மாமா காசுல எனக்கும் பங்கு இருக்குன்னு நினைச்சீங்கன்னா அப்படி எழுதிக் குடுங்க, பாதியாக் குறைஞ்சாலும் வாங்கிக்கறேன். இல்லன்னா வேண்டாம். கோவிச்சுக்காதீங்க."

அவர் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். மூன்று கையெழுத்து என்றதும் அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அக்கா போடுவாங்களா?"

"போடுவா. ஏன் போடாம?"

தைரியமாகத்தான் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தத் தைரியம் பாதி கரைந்திருந்தது.

தங்கை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் இருந்தாள். முன்பக்கம் பிரேம்களும் கண்ணாடி அலமாரியும். பின்பக்கம் திரை போட்ட சிறிய இருட்டறை, கண் பரிசோதனைக்கு. மெக்கானிக் உள்ளே நுழைந்தபோது அவள் ஒரு பெரியவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, கடைசி வரியை மனப்பாடமா சொல்றீங்க. நான் அட்டையை மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு."

"அதான் பார்த்தேன், நீ ஏன் சிரிக்கறேன்னு" என்றார் பெரியவர். பவர் கூடியிருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி போனார்.

அண்ணனைப் பார்த்ததும் தங்கை ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் சொன்னதை முழுதும் கேட்டாள். கேட்கும்போது ஒரு பிரேமின் காதுக் கம்பியை சூடான காற்றில் காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். மூன்று கையெழுத்து என்ற இடம் வந்ததும் கை நின்றது.

"அண்ணே, என் பங்கையும் சேர்த்து அவளுக்கே குடுத்துடு. கையெழுத்து மட்டும் கேக்காத."

"உன் பங்கை அவளுக்குக் குடுத்தா அதுவும் பரிசுதான். மறுபடி வரி. மறுபடி அவ திருப்பி அனுப்புவா. கையெழுத்துதான் வேணும்."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது. எந்தக் காகிதத்துலயும் நான் கையெழுத்துப் போடறதா இல்ல. வங்கியில கேட்டாக்கூட எங்க வீட்டுக்காரர்தான் போடறாரு."

மெக்கானிக் களைத்திருந்தார். காலையிலிருந்து படிகள், பஸ், மறுபடி படிகள். களைப்பு சில நேரம் நல்ல மனிதர்களின் வாயிலும் கெட்ட சொல்லை வைத்துவிடும். "மனசு பூரா விஷத்தை வெச்சிருக்க. செத்தவன் பொண்டாட்டி சாப்பிட்டாளா இல்லையான்னு கேக்கல, இப்ப அவளுக்கு வர்றதையும் தடுக்கற" என்றார்.

தங்கை பிரேமை மேஜையில் போட்டாள். அடுத்த மேஜையில் பில் எழுதிக்கொண்டிருந்த பெண் எழுந்து கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"நான் ஒரு கையெழுத்துப் போட்டேனே அண்ணே. அது போதாதா?"

"எது?"

"தம்பி ஆபரேஷனுக்கு. நீ அன்னிக்கு எங்கயோ லிஃப்டுக்குள்ள மாட்டினவங்களை எடுத்துட்டு இருந்த, போனே எடுக்கல. டாக்டர் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினாரு. பேனா அவ கையிலதான் இருந்துச்சு. நிக்கறா, நிக்கறா, போட மாட்டேங்கறா. நேரம் போகுது. நான் புடுங்கினேன். 'தள்ளு, நான் ரத்த சொந்தம், நீ வெளியாளு'ன்னு சொல்லிட்டுப் போட்டேன். உள்ள போனவன் வெளிய வரல." அவள் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள். "அதுக்கப்புறம் அவளை நினைச்சாலே அவ என் கையைத்தான் பார்க்கற மாதிரி இருக்கு. என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவ பக்கத்துல உக்காந்து அவன் பேர்ல இன்னொரு காகிதத்துல கையெழுத்துப் போடறது?"

தங்கை ஏன் தன் பாதியைக்கூடக் கேட்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருஷமாக அவள் தம்பி மனைவியிடமிருந்து ஒதுங்கியிருந்ததை அவர் பிடிவாதத்தின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தார். "எனக்குத் தெரியாதுடா" என்றார். சின்ன வயதில்தான் அவளை டா போட்டுக் கூப்பிடுவார்.

அடுத்த சில நாட்கள் மாசக் கடைசியை நோக்கி நகர்ந்தன. வீட்டில் அவர் மனைவி, "உங்களுக்கு போன்ல அமுக்கத் தெரியலன்னா என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? நான் கடன்னு அமுக்கியிருப்பேன்" என்றாள். "கடன்னு அனுப்பியிருந்தா அவ இன்னும் வேகமா திருப்பி அனுப்பியிருப்பா" என்றார் அவர். ஆலோசகர் ஒரு முறை போன் செய்து, தும்மிவிட்டு, "சார், தேதி ஞாபகம் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

தங்கை சொன்னதைத் தம்பி மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் அவரை வாட்டியது. சொன்னால் தங்கையைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ? சொல்லாவிட்டால் இரண்டு பேரும் இப்படியே முடிந்துபோவார்கள். ஒரு மதியம், உயரமான கட்டடம் ஒன்றின் உச்சியிலிருந்த மோட்டார் அறையில், பிரேக் கட்டையை மாற்றிவிட்டு எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து கேட்டார்: 'ஆண்டவனே, நான் பெரிய மனுஷன் இல்லை. எது சரின்னு எனக்குத் தெரியல. தப்பாப் போச்சுன்னா எம்மேலேயே போகட்டும்.' மேலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் கேட்ட பிறகு கால் தானாக மருத்துவமனை பக்கம் நடந்தது.

தம்பி மனைவி வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடிக்கும் வரை அவள் பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"கடை எப்ப மூடுவாங்க?" என்றாள்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

"வாங்க, போகலாம்."

கடைக்குள் நுழைந்ததும் தங்கையின் முகம் வெளுத்தது. தம்பி மனைவி நேராக அவளிடம் போனாள்.

"அக்கா, கண்ணு டெஸ்ட் பண்ணணும். கிட்டத்துல இருக்கறது மங்கலாத் தெரியுது. கருவியை எண்ணறப்ப கஷ்டமா இருக்கு."

வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் பழக்கம் தங்கைக்கு இல்லை. திரையை விலக்கி உள்ளே கைகாட்டினாள். மெக்கானிக் வெளியே பிரேம் அலமாரியின் முன் நின்றார். வேண்டுமென்று கேட்கவில்லை. ஆனால் அது திரைதானே, சுவரா?

உள்ளே லென்ஸ்கள் டக், டக்கென்று மாறும் சத்தம்.

"எந்த வரி வரைக்கும் தெரியுது?" என்றது தங்கையின் குரல்.

"மூணாவது வரைக்கும்."

"இப்ப?"

"இப்ப நல்லாத் தெரியுது." கொஞ்சம் இடைவெளி. "அன்னிக்கு எதுவுமே தெரியலக்கா. அந்தப் பேப்பர்ல ஒரு எழுத்துகூட. எங்க கையெழுத்துப் போடணும்னே தெரியாம நின்னுட்டு இருந்தேன். நீங்க பேனாவை வாங்கினப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

லென்ஸ் சத்தம் நின்றுவிட்டது.

"நான் தியேட்டர் சாமான் கழுவறவ. எத்தனை பேரு உள்ள போய் வராம இருந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு வெளிய பேனா புடிச்சவங்க காரணம் இல்ல. நீங்க போடலன்னா நான் போட்டிருப்பேன். போட்டுட்டு நான் இருந்திருக்க மாட்டேன். என் பாரத்தையும் சேர்த்து நீங்க தூக்கிட்டுப் போயிட்டீங்க. நான் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஏன் சொல்லல?" என்றாள் தங்கை, கேட்குமளவுக்கு மட்டும்.

"வெளியாளுன்னு சொன்னீங்கல்ல, அது வலிச்சுது. கையெழுத்து வலிக்கல. அந்த வார்த்தை வலிச்சுது. அதான் வரல."

உள்ளே மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. யாருடையது என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. ஒருவேளை இரண்டு பேருடையதுமாக இருக்கலாம். தெருவில் இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் அலமாரியிலிருந்து எடுத்த பிரேமை இருந்த இடத்தில் வைக்கத் தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார்.

"அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றது தங்கையின் குரல். "புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன். இரு, தலையை ஆட்டாத. அழுதா பவர் தப்பா வரும்."

"நீங்கதானே அழறீங்க."

"நான் அழுதா பவர் மாறாது. நேரா பாரு."

திரை விலகியது. தங்கை மேஜைக்கு வந்து சீட்டில் ஏதோ எழுதினாள். "கிட்டத்துல பார்க்கறதுக்கு ஒரு கண்ணாடி வேணும். பிரேம் எடுத்துக்கோ. லென்ஸுக்கு மட்டும் காசு குடு. சும்மா குடுத்தா அதையும் திருப்பி அனுப்பிடுவ."

"பிரேமுக்கும் குடுத்துடறேன் அக்கா. இல்லன்னா நீங்க எனக்கு நான் உங்களுக்குன்னு அதுக்கும் வரி வந்துடும்."

மெக்கானிக் சிரித்தார். சிரித்தபோது தன் கண்ணிலும் ஈரம் இருப்பதை உணர்ந்து, அலமாரிக் கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் மூன்று பேரும் மாடி ஏறினார்கள். ஏறும்போது தம்பி மனைவி மெக்கானிக்கின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆலோசகரின் ஜலதோஷம் இருமலாக மாறியிருந்தது. ஒப்பந்தத்தை வரி வரியாக உரக்கப் படித்தார். எளிய வார்த்தைகள்தான். மாமாவின் பணம் மூன்று பங்கு என்றும், மூன்றாவது பங்கு முதலிலிருந்தே இவளுடையது என்றும் எழுதியிருந்தது.

மெக்கானிக் போட்டார். தம்பி மனைவி போட்டாள். பேனா தங்கையிடம் வந்தது. அவள் அதைத் தாளின் மேல் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடவென்று எழும்பியது. தம்பி மனைவி எட்டிக் கைவைத்து அந்த ஓரத்தை அழுத்திக்கொண்டாள். தங்கையின் கையைத் தொடவில்லை, தாளைத்தான் தொட்டாள். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள், போடும் வரை.

போட்டாள். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

"கோணலா இருந்தாலும் செல்லும்" என்றார் ஆலோசகர், யாரும் கேட்காமலேயே. தாள்களைச் சேர்த்துக் கட்டினார். "நாளைக்குக் குடுத்துடறேன். அபராதம் வந்தா சொல்றேன். இன்னொரு விஷயம். அங்க இருக்கற வக்கீல்கிட்ட இருந்து ஒரு மெயில். உங்க மாமா குடியிருந்த அறையைக் காலி பண்ணணுமாம். சாமான் பெருசா ஒண்ணும் இல்லையாம். கொஞ்சம் பாத்திரம், துணிமணி, குளிர் கோட்டு. அதை என்ன பண்றதுன்னு பங்குதாரங்க முடிவு சொல்லணும்னு கேக்கறாரு."

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். அவருக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல் இருந்தது. "எதையாவது பண்ணிக்கச் சொல்லுங்க மேடம்" என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் தங்கை பக்கத்து நாற்காலி பக்கம் திரும்பியிருந்தாள்.

"நீ என்ன சொல்ற?"

தன்னைத்தான் கேட்கிறார்கள் என்பது தம்பி மனைவிக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"பாத்திரம் பழசுதான், ஒடுங்கிப் போயிருக்கும். அதை விட்டுடலாம். கோட்டை மட்டும் அந்த அடுப்புல இப்ப யாரு வேலை பார்க்கறாங்களோ அவங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க. அடுப்புச் சூட்டுல இருந்துட்டு விடியக்காலைல குளிர்ல நடந்து வர்றது ரொம்பக் கஷ்டம்னு மாமா சொல்லுவாரு."

"உன்கிட்டப் பேசுவாரா?" என்றாள் தங்கை.

"இவர் போனதுக்கப்புறமும் வாராவாரம் பேசுவாரு அக்கா. கடைசி வாரமும் பேசினாரு."

தங்கைக்கு அது தெரியாது. மெக்கானிக்குக்கும் தெரியாது. இரண்டு பேரும் மாமாவிடம் கடைசியாக எப்போது பேசினோம் என்று யோசித்துப் பார்த்து, ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

"அப்படியே எழுதுங்க மேடம்" என்றாள் தங்கை. "அவ சொன்ன மாதிரியே எழுதுங்க."

ஆலோசகர் தட்டச்சு செய்யத் தொடங்கினார். இடையில் நிறுத்தி, "கோட்டு ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றாள் தம்பி மனைவி. "ஒண்ணுல பட்டன் போயிருக்கும். தைச்சுக் குடுக்கச் சொல்லுங்க."